மூளையில் நாடாப்புழுக் கட்டி: வலிப்பு வந்த நாளிலிருந்து கடைசி ஸ்கேன் வரை

என் சித்தப்பா மகனுக்கு வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குள் நாடாப்புழுவின் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. செய்தி ஊருக்குப் போனதும் சித்தி தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா தம்பி, அங்க போய்ப் பன்னிக்கறி தின்னியா?" என்பதுதான். அவன் பதில் சொல்லாமல் அழுதுவிட்டான். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவன். சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறை வேலை, தங்குவிடுதி வாழ்க்கை. அங்கே வரும் கேட்டரிங் சாப்பாட்டிலும் சைவப் பொட்டலம்தான் வாங்குவான்.

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பில் ஒரு வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்கப்பட்டு நோயின் பெயரை மறைக்கிறார்கள், மருத்துவரிடம் பாதியைச் சொல்கிறார்கள், வீட்டில் மற்றவர்களைப் பரிசோதிக்க விடாமல் தடுக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அந்த வெட்கத்தைக் கழற்றிப் போடத்தான். நான் மருத்துவர் இல்லை. தம்பியோடு மருத்துவமனைக்கு அலைந்த பதினான்கு மாதங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: புழு வரும் இரண்டு வழிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் புழுவின் பெயர் டீனியா சோலியம். பன்றி நாடாப்புழு என்பார்கள். இதற்கு இரண்டு வீடுகள். வளர்ந்த புழு மனிதக் குடலில் மட்டும்தான் வாழும். வெள்ளை நாடா போல, கண்டம் கண்டமாக, சில மீட்டர் நீளத்துக்கு வளரும். கடைசிக் கண்டங்கள் முதிர்ந்து கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு கண்டத்துக்குள் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். கழிப்பறை இல்லாத ஊரில், திரியும் பன்றி அந்த மலத்தைத் தின்னும். முட்டை பன்றியின் வயிற்றில் பொரித்து, குட்டிப்புழு ரத்தத்தில் ஏறி, தசைக்குள் நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். அந்தத் தசையைச் சரியாக வேகவைக்காமல் மனிதன் தின்றால், கட்டிக்குள் இருக்கும் புழுத்தலை குடலில் ஒட்டிக்கொண்டு மறுபடி நாடாவாக வளரும். 1855ஆம் ஆண்டில் ஃபிரீட்ரிக் கூக்கென்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை நிரூபித்தார். மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் கட்டியுள்ள பன்றி இறைச்சியைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து, பிறகு உடலை அறுத்துக் குடலில் புழுக்களைக் காட்டினார். கொடுமையான சோதனை, ஆனால் சுழற்சி விளங்கியது அப்போதுதான்.

ஆக, பன்றி இறைச்சியால் வருவது குடல் புழு. மூளைக் கட்டி அந்த வழியில் நேராக வருவதில்லை.

மூளைக் கட்டி வருவது முட்டையால். குடலில் புழு உள்ள ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் சாதம் பிசைந்தால், சட்னி அரைத்தால், கொத்தமல்லி நறுக்கிப் போட்டால், கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அந்தச் சாப்பாட்டோடு அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். மனித மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த கீரையை அப்படியே தின்றாலும் இதேதான். பன்றியின் உடலில் நடந்தது அப்படியே மனித உடலில் நடக்கும். குட்டிப்புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, தசையிலோ தோலுக்கு அடியிலோ கண்ணிலோ மூளையிலோ தங்கும். மூளையில் தங்கினால் அதற்கு நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்று பெயர். பெயர் நாக்கில் நிற்காவிட்டால் பரவாயில்லை, "மூளை நாடாப்புழுக் கட்டி" என்று சொன்னாலே மருத்துவருக்குப் புரியும்.

இதற்குக் கண்கூடான சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. பன்றி இறைச்சியை வீட்டு வாசலுக்குள்கூட விடாத ஆசாரமான யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு மூளைக் கட்டி வந்தது. 1992இல் அந்த ஆய்வு வெளியானது. நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்களைப் பரிசோதித்தபோது, ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. குடல் புழு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதுதான் இதில் சிக்கல்.

முட்டைக்கோஸில் இருக்கும் புழு மூளைக்கு ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளி உங்களுக்கும் வந்திருக்கும். முட்டைக்கோஸில் நெளிகிற பச்சைப் புழு வண்ணத்துப்பூச்சி இனத்தின் கம்பளிப்புழு. அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. இலையில் மனித மலத்தின் வழியாக நாடாப்புழு முட்டை ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. வேகவைத்த முட்டைக்கோஸை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சிங்கப்பூரில் இந்தச் சுழற்சி எப்போதோ அறுந்துவிட்டது. மலவாளி எடுக்கும் முறை 1987 ஜனவரியில் முடிந்தது. பன்றிப் பண்ணைகளும் 1980களின் இறுதியோடு மூடப்பட்டன. அதனால் இங்கே கண்டுபிடிக்கப்படும் கட்டி பெரும்பாலும் வேறு எங்கோ தொற்றியதாக இருக்கும். இந்தியா, நேபாளம், மியன்மார், இந்தோனேசியாவின் சில பகுதிகள் என்று புழு இன்னும் இருக்கும் இடங்களிலிருந்து வருபவர்களும், அங்கே விடுமுறைக்குப் போய்வருபவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நோய் இது. தொற்றிய பிறகு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். இந்தியாவில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிரிட்டிஷ் ராணுவத்தினரை முக்கியமாக வைத்து 450 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1961இல் வெளியானது. கடல் தாண்டி வந்து ஆண்டுகள் கழித்தே பலருக்கு முதல் வலிப்பு வந்திருந்தது. "நான் ஊரைவிட்டு வந்து ஐந்து வருஷம் ஆச்சே" என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாம் படி: வலிப்பு வரும் நேரத்தில் என்ன செய்வது

தம்பிக்கு எங்கள் ஈசூன் வீட்டில்தான் வந்தது. ஞாயிறு காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கைக் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அவன் இடது கையால் அதைப் பிடித்து அழுத்தினான். துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது, வாய் ஒரு பக்கம் கோணியது. "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அப்புறம் நாற்காலியோடு சரிந்தான்.

என் மாமியார் சாவிக்கொத்தை எடுத்து ஓடிவந்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. அதனால் பயன் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும், சாவி கொடுத்ததால் அடங்கியது போலத் தெரியும். செய்ய வேண்டியவை வேறு. சுற்றியுள்ள நாற்காலி, கண்ணாடிப் பொருட்களை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், மாத்திரை எதையும் வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

முதல் வலிப்பு என்றால் தயங்காமல் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் என்றால், ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ அழையுங்கள். முடிந்தால் இன்னொருவர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கட்டும். அந்த நேரத்தில் படமா என்று தோன்றும். ஆனால் துடிப்பு எந்த விரலில் தொடங்கி எப்படிப் பரவியது என்பது, மூளையில் எந்த இடத்தில் கோளாறு என்று மருத்துவருக்குச் சொல்லிவிடும்.

வலிப்பு மட்டும்தான் அறிகுறி என்றும் எண்ண வேண்டாம். விடாத தலைவலி, காலை வாந்தி, பார்வை மங்கல், நடையில் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வந்தால், கட்டி மூளை நீர் ஓடும் பாதையை அடைத்து அழுத்தம் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் முழுக்கதையும் சொல்லுங்கள்

இந்த வலிப்புக்கு மூன்று மாதம் முன்பே தம்பிக்குக் கட்டைவிரல் இரண்டு முறை துடித்திருக்கிறது. ஒரு மருந்தகத்துக்குப் போயிருக்கிறான். நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் சொன்னதும் "கை நடுங்குது" என்ற இரண்டு சொல்தான். துடிப்பு வந்தபோது கையை நிறுத்த முடியவில்லை, அரை நிமிடம் நீடித்தது, அப்புறம் கை மரத்துப்போனது என்பதையெல்லாம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

அதனால் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் வளர்ந்தீர்கள், அங்கே பன்றிகள் திரியுமா, வெளியில் மலம் கழிக்கும் பழக்கம் இருந்ததா, கடைசியாக எப்போது போய்வந்தீர்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா, யாராவது மலத்தில் வெள்ளைப் பட்டையாகப் புழுவைப் பார்த்திருக்கிறார்களா. தோலுக்கு அடியில் வலிக்காத சிறு உருண்டைகள் தட்டுப்படுகின்றனவா. வீட்டிலோ விடுதி அறையிலோ யாருக்காவது காசநோய் இருந்ததா. இந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று: உங்கள் சிகிச்சைக்கு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை முதல், அவர் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் பகல்நேர அறுவைச் சிகிச்சையும் அதில் அடங்கும். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வலிப்பை மறைத்துக்கொண்டு சாரத்தில் ஏறாதீர்கள். குழப்பமாக இருந்தால் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளிடம் போய்ப் பேசுங்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இயங்குகிறவர்கள்.

நான்காம் படி: ஸ்கேன் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

மருத்துவர் திரையில் காட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிற மூளையின் இடது மேல்பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளை வளையம். உள்ளே கடுகு போல ஒரு புள்ளி. வளையத்தைச் சுற்றி மேகம் போல வீக்கம். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. வட்டத்துக்குள் புள்ளி தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சிடி, எம்ஆர்ஐ இரண்டும் எடுக்கச் சொன்னால் ஏன் இரட்டைச் செலவு என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன பழைய கட்டியை சிடி நன்றாகக் காட்டும். சிறிய கட்டி, மூளை நீர் அறைக்குள் ஒளிந்திருக்கும் கட்டி, சுற்றியுள்ள வீக்கம் இதெல்லாம் எம்ஆர்ஐயில்தான் தெளிவு. ரத்தப் பரிசோதனையும் உண்டு, ஆனால் ஒற்றைக் கட்டி உள்ளவர்களுக்கு அது பல சமயம் "இல்லை" என்றே காட்டும். ரத்தத்தில் தெரியாததால் நோயே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கட்டிக்கு வயது உண்டு. முதலில் உயிருள்ள நீர்ப்பை. இது நம் நோய் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து ஒளிந்துகொள்ளும் வித்தை தெரிந்தது, அதனால் அப்போது தொந்தரவு குறைவு. பிறகு புழு சாகத் தொடங்கும். வித்தை போய்விடும், உடல் அதைத் தாக்கும், அழற்சியும் வீக்கமும் வரும். வலிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் கட்டி சுருங்கி, முற்றிலும் மறையும் அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிடும். தம்பிக்கு இருந்தது சாகும் கட்டத்தில் உள்ள ஒற்றைக் கட்டி. இந்தியாவிலிருந்து வரும் இளைஞர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

இங்கே நம் ஊரின் பங்கைச் சொல்லாமல் போக முடியாது. இந்த ஒற்றை வளையத்தை ஒரு காலத்தில் இந்தியாவில் காசநோய்க் கட்டி என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மருந்து விழுங்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, பல நோயாளிகளுக்கு அது நாடாப்புழுக் கட்டிதான் என்று 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது. 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக, மூளையை ஒரு பக்கம் தள்ளாமல் இருந்தால் நாடாப்புழு. அதைவிடப் பெரிதாக, கோணல்மாணலாக, மூளையைத் தள்ளிக்கொண்டிருந்தால் காசநோயை யோசி என்கிற மாதிரியான அளவுகோல்கள் அவர்களிடமிருந்து வந்தவை. வேலூர் மாவட்டத்தில் அவர்கள் பிறகு நடத்திய ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. நோய் பரவியுள்ள பல இடங்களில் வலிப்பு நோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வலிப்பு என்றாலே பேய், சாபம், பரம்பரை என்று பேசும் வீடுகளில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சிகிச்சையின் வரிசையை மாற்றாதீர்கள்

தம்பியின் ஸ்கேன் முடிவு தெரிந்த மறுநாளே ஊரிலிருந்து ஒரு உறவினர் அல்பெண்டசோல் பட்டை ஒன்றை ஆள் மூலம் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் அதே பூச்சி மாத்திரை. அன்போடு செய்தது, ஆனால் ஆபத்து. புழு சாகும்போதுதான் வீக்கம் வருகிறது என்று மேலே பார்த்தோம். மூளையில் நிறையக் கட்டிகள் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொன்றால் மூளை வீங்கி உயிருக்கே கேடு வரும். கண்ணுக்குள் ஒரு கட்டி இருந்து அது செத்தால் பார்வை போகலாம். எனவே மருத்துவர் கையில் கொடுக்காத பூச்சி மாத்திரையை விழுங்காதீர்கள். பிராசிகுவாண்டெல் என்ற இன்னொரு புழு மருந்துக்கும் இதே எச்சரிக்கை.

மருத்துவர்கள் போகும் வரிசை இது. முதலில் வலிப்பை நிறுத்தும் மருந்து. மூளையில் அழுத்தம் ஏறியிருந்தால் அதைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் முந்தி, சிலருக்கு நீரை வடிக்கக் குழாய் பொருத்தவோ கட்டியை எடுக்கவோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அடுத்து கண் மருத்துவர் விழித்திரையைப் பார்ப்பார். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் கொடுக்க வேண்டியிருந்தால், உள்ளே தூங்கும் காசநோய் விழித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கான சோதனையும் செய்வார்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற இன்னொரு குடல் புழுவையும் பார்ப்பார்கள், ஸ்டீராய்டு அதைப் பெருக்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் புழு மருந்து, அதுவும் ஸ்டீராய்டை முன்னால் விட்டு. ஒன்றிரண்டு கட்டிகளுக்கு அல்பெண்டசோல் மட்டும், வழக்கமாக 10 முதல் 14 நாள். இரண்டுக்கு மேல் உயிருள்ள கட்டிகள் இருந்தால் பிராசிகுவாண்டெலையும் சேர்ப்பார்கள். அல்பெண்டசோலைக் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் உடலில் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடாதீர்கள், நெய்தோசையோ முழுப்பாலோ கூட இருக்கட்டும். கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஸ்டீராய்டு நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், சட்டென்று ஏறும்.

கட்டிகள் எல்லாம் ஏற்கெனவே சுண்ணாம்பாகிவிட்டன என்றால் புழு மருந்தே வேண்டாம், செத்ததை மறுபடி கொல்ல முடியாது. வலிப்பு மருந்து மட்டும் தொடரும். "எனக்கு மட்டும் ஏன் புழு மாத்திரை தரலை" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அதேபோல மூளை முழுக்கக் கட்டிகள் நிறைந்து கடுமையாக வீங்கியிருப்பவர்களுக்கும் தரமாட்டார்கள். முதலில் வீக்கம்தான்.

மருந்து தொடங்கிய சில நாட்களில் தலைவலி கூடலாம், வலிப்புகூட ஒருமுறை வரலாம். தம்பிக்கு நான்காம் நாள் தலை பிளப்பது போல வலித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தானே நிறுத்தப் பார்த்தான். நிறுத்தாமல் மருத்துவமனையை அழைத்தோம், ஸ்டீராய்டின் அளவைச் சரிசெய்தார்கள். இரண்டு நாளில் தணிந்தது.

ஆறாம் படி: மாத்திரையோடு வேலைக்குத் திரும்புவது

சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை வாகனம் ஓட்டக் கூடாது, மின்சைக்கிளும் சேர்த்துத்தான். உயரத்தில் வேலை, சுழலும் இயந்திரம், வெல்டிங், தனியாக நீச்சல் வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள். விடுதியில் மேல்கட்டிலைக் கீழ்க்கட்டிலாக மாற்றிக் கேளுங்கள். இரவு வேலையில் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், மாத்திரையை ஒருவேளை விட்டாலும் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் சும்மா இருப்பவர்களுக்குத்தான் விமான நிலையத்தில் வலிப்பு வருகிறது. போகும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, கைப்பையில் வையுங்கள்.

ஏழாம் படி: முட்டை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

மூளைக் கட்டி உள்ளவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. கட்டி மூளைக்குள் பூட்டியிருக்கிறது. அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே அறையில் தூங்கலாம். அறைத் தோழர்கள் ஒதுக்கி வைத்தால் தயவுசெய்து இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பரப்புவது, குடலில் வளர்ந்த புழு உள்ளவர் மட்டும்தான். அது நோயாளியாகவே இருக்கலாம், தன் கையால் தன் முட்டையைத் தானே விழுங்குவதும் நடக்கிறது. ஊரில் சமைக்கும் பாட்டியாக இருக்கலாம். ஊருக்குப் போய்வந்த முதலாளியம்மாவாக இருக்கலாம், பணிப்பெண்ணாக இருக்கலாம்.

குறிப்பாக, சிங்கப்பூரைவிட்டு எங்கும் போகாத ஒருவருக்கோ குழந்தைக்கோ கட்டி வந்தால், வீட்டில் உள்ள எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருநாள் மாதிரி போதாது, முட்டை தினமும் வெளிவராது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. நுண்நோக்கியில் மாட்டு நாடாப்புழு முட்டையும் பன்றி நாடாப்புழு முட்டையும் ஒன்றுபோலவே தெரியும், எனவே முட்டை தெரிந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று மருத்துவரே சொல்வார். சிகிச்சை எளிது. நிக்ளோசமைடு குடலோடு நின்றுவிடும் மருந்து. பிராசிகுவாண்டெல் ரத்தத்தில் ஏறுவதால், மூளையில் தெரியாத கட்டி உள்ளவருக்கு வலிப்பைக் கிளப்பலாம். முன்பு எப்போதாவது வலிப்போ கடும் தலைவலியோ வந்திருந்தால் மருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணிப்பெண்ணை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு வீட்டார் உட்கார்ந்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். எல்லோரும் சேர்ந்து கொடுங்கள். அவருக்குப் புழு இருந்தால், அவரும் எங்கோ ஒரு தட்டிலிருந்து அதைப் பெற்றவர்தான். மருந்து கொடுத்தால் தீரும் ஒன்றுக்காக வேலையைவிட்டு அனுப்புவது அநியாயம். அனுப்பினால் அடுத்தவர் அறிகுறியை மறைப்பார்.

சித்தி வீட்டில் நான்கு பேரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். தெருமுனையில் தினமும் வடை வாங்கிய கடை, காவேரித் தண்ணீர் வராத நாட்களில் குடித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் யோசித்தோம். யாருக்கும் புழு இல்லை. எங்கிருந்து வந்தது என்பது பல குடும்பங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். தேடுவது, இன்னும் யாராவது முட்டையைச் சுமந்துகொண்டிருந்தால் நிறுத்தத்தான்.

எட்டாம் படி: சமையலறை

சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் இதில் முதல் மருந்து. கழிப்பறைக்குப் பின், சமைப்பதற்கு முன், பிசைந்து ஊட்டுவதற்கு முன், நக இடுக்குகள் உட்பட, ஓடும் தண்ணீரில். சானிடைசர் முட்டையைக் கழுவி அகற்றாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

கொத்தமல்லி, புதினா, கீரை இவற்றைக் கட்டோடு தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. கட்டைப் பிரித்து, வேரை வெட்டி, இலை இலையாக ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள், முட்டையின் ஓடு கெட்டியானது, சூடுதான் அதை முறிக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், ஊருக்குப் போயிருக்கும் நாட்களில், பச்சைச் சட்னியையும் பச்சைக் கேரட் துருவலையும் தவிர்த்து வதக்கியதாகக் கொடுங்கள். தண்ணீர் கொதிக்க வைத்தது மட்டும். தோலுரிக்கும் பழம் நல்லது.

பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் கூசத் தேவையில்லை. இங்கே விற்பது சோதனைக்குப் பிறகு வருவது, பக்குத்தே என்ற பன்றி எலும்பு சூப் மாதிரி நெடுநேரம் கொதிப்பதில் எந்தப் புழுவும் பிழைக்காது. துண்டு இறைச்சியின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நிமிடம் ஆற வேண்டும், கொத்திய இறைச்சி 71 டிகிரியை எட்ட வேண்டும். வெளிநாட்டில் வாங்கியதில் சந்தேகமாக இருந்தால், உறைபெட்டியில் மைனஸ் 15 டிகிரியில் மூன்று நாள் வைத்தாலும் கட்டி செத்துவிடும். இது குடல் புழுவைத் தடுக்கும். குடல் புழு இல்லாவிட்டால் முட்டையும் இல்லை, அந்த வகையில் சைவர்களுக்கும் இது சேர்ந்த பாதுகாப்பு.

தவளை, பாம்பு இறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்பதும், பச்சைத் தவளைச் சதையைக் கண்ணில் வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியமும் ஸ்பைரோமெட்ரா என்ற வேறொரு நாடாப்புழுவின் குட்டியை உடலுக்குள் விடும். அது அபூர்வம், ஆனால் மூளைக்குள் ஊர்ந்து நகரக்கூடியது. அதற்கு அறுவைச் சிகிச்சைதான் பெரும்பாலும் வழி.

வட பெருவின் தும்பெஸ் பகுதியில் மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டு, இந்தப் புழுவின் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். 2016இல் அந்த முடிவுகள் வெளியாயின. நம் ஊர்ப் பக்கத்திலும் முடியும் என்று நான் நம்புகிறேன்.

ஒன்பதாம் படி: கடைசி ஸ்கேன்

கட்டி மறையும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஸ்கேன் எடுப்பார்கள். "வலிப்புதான் நின்றுவிட்டதே" என்று நாள் குறித்த சந்திப்பைத் தவறவிடாதீர்கள். கட்டி முழுதாக மறைந்து, ஒரு காலம் வலிப்பும் வராமல் இருந்தால், மருத்துவர் வலிப்பு மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார். சுண்ணாம்புப் புள்ளி எஞ்சினால் அது நீண்ட காலத்துக்குப் பிறகும் வலிப்பைக் கிளப்பக்கூடும் என்பதால், மருந்து நீளும். இரண்டிலும் தானாக நிறுத்துவது கூடாது.

தம்பியின் ஆறாம் மாத ஸ்கேனில் வளையம் பாதியாகிவிட்டது, மேகம் இல்லை. பதினான்காம் மாதம் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. மருந்து தொடர்கிறது. சாரம் ஏறும் வேலையிலிருந்து அவனைச் சேமிப்புக் கிடங்குக்கு மாற்றிக்கொடுத்தார்கள். சித்தியிடம் காணொளி அழைப்பில் அந்தப் படத்தைக் காட்டி, கை கழுவாத யாரோ ஒருவர் கையால் வந்தது இது என்று அவனே விளக்கினான். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றார்.

ஸ்கேன் படங்களின் வட்டையும் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு ஊரிலோ வேறு நாட்டிலோ ஒருமுறை வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தால், அந்தப் புள்ளி பழையதா புதியதா என்று அங்குள்ள மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிடுவார். அது இல்லாமல் போனால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும்.